முப்பத்தொன்பது இலக்கத்து முதன்மை எண்

நேயர்களே, வானொலியில் அரசர்களின் வரலாற்றையும் புலவர்களின் வாழ்க்கையையும் பற்றிய பேச்சுகள் நிகழ்வதுண்டு. ஓர் எண்ணின் வரலாற்றைப் பற்றிப் பேச ஒருவர் முன்வந்தால், எண்ணுக்கும் வரலாறு உண்டோ என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். உண்டு என்பதே என் விடை. நான் கூறப்போகும் எண் முப்பத்தொன்பது இலக்கங்களைக் கொண்டது. அச்சில் அதனைப் பின்வருமாறு எழுதலாம்:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

கோடி என்னும் சொல்லை ஐந்து முறை அடுக்கிச் சொல்லி, அதன் முன்னே ஆயிரத்து எழுநூற்றொன்று என்று வைத்தால் இதன் பருமன் ஓரளவு புலனாகும். இவ்வெண்ணை ஒன்றாலும் இதே எண்ணாலும் அன்றி, வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுக்க இயலாது. இஃது எவ்வாறு தெரியும்? எவர் வகுத்துப் பார்த்தார்? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க எவருக்கு ஆயுள் போதும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை நாம் முதன்மை எண் என்கிறோம். தமிழகத்தார் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 என்பன முதன்மை எண்கள். ஆறு அவ்வாறன்று, அஃது இரண்டும் மூன்றும் பெருகிப் பிறந்த சேர்த்தி எண். ஒன்றை விடப் பெரிய எந்த முழு எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வகையில்தான் எழுதலாம். அறுபதை எவர் பகுத்தாலும், எந்த ஊரில் பகுத்தாலும், இரண்டு இருமுறையும் மூன்று ஒருமுறையும் ஐந்து ஒருமுறையுமே கிடைக்கும். சுவருக்குக் கல் எப்படியோ, எண்களுக்கு முதன்மை எண்கள் அப்படி.

இக்கற்களுக்கு முடிவு உண்டா? இல்லை என்பதை ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் யூக்கிளிட்டு நிறுவினார். நமக்குத் தெரிந்த முதன்மை எண்கள் யாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுவோம். வரும் எண்ணைத் தெரிந்த எந்த முதன்மை எண்ணால் வகுத்தாலும் ஒன்று மீதியாகும். ஆகவே அவ்வெண் தானே புதிய முதன்மை எண்ணாதல் வேண்டும். அன்றேல் நாம் அறியாத முதன்மை எண் ஒன்று அதனைப் பகுத்தல் வேண்டும். எப்படியாயினும் நம் பட்டியலில் இல்லாத ஒன்று கிடைத்துவிடுகிறது. 2, 3, 5 என்பவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 31. அது புதிய முதன்மை எண். 2 முதல் 13 வரையுள்ள ஆறு முதன்மை எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30,031. அது 59ஐ 509ஆல் பெருக்கி வருவது. இவ்விரண்டும் பட்டியலில் இல்லாதவை.

முடிவில்லை என்பது மட்டுமன்று. அவை எட்டாத தொலைவுகளில் சிதறி மறைந்துவிடுவதும் இல்லை. ஓர் எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே முதன்மை எண் ஒன்றாவது இருந்தே தீரும் என்பதை உருசிய அறிஞர் செபிசேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறுவினார். அதே உண்மைக்கு மிகச் சுருங்கிய நிறுவல் ஒன்றை, ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1919ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, முப்பத்திரண்டு வயதில், அவர் மறைந்தார்.

முதன்மை எண்கள் எங்கும் உள்ளன என்று அறிவது ஒன்று. குறித்த ஒரு பெரிய எண்ணைக் காட்டி, இது முதன்மை எண் என்று ஐயமின்றிச் சொல்வது வேறொன்று. முன்னையது எளிது, பின்னையதே அரிது. நாம் எடுத்துக்கொண்ட எண்ணின் வரலாறு இந்த அருமையைப் பற்றியதே.

முதலில் இவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலொன்றில் நெல் விதைத்த நாளில் ஒருவர் ஒரு நெல்மணியை ஒரு மூலையில் இடுகிறார் என்று கொள்வோம். மறுநாள் இரண்டு மணிகள், அதற்கு மறுநாள் நான்கு, பின் எட்டு, பதினாறு என்று நாள்தோறும் இரட்டித்துக்கொண்டே போகிறார். நான்கு மாத நெல் விளைந்து அறுவடையாகும் காலம், அதாவது 127 நாட்கள், இவ்வாறு செய்தால் மொத்தம் எத்தனை மணிகள் சேரும்?

மூன்று நாளில் 7, ஐந்து நாளில் 31, பத்து நாளில் 1,023 மணிகள் சேரும். இருபது நாளில் பத்து இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். ஒரு கிலோ நெல்லில் ஏறத்தாழ நாற்பதாயிரம் மணிகள் என்று கொண்டால், ஒரு புசலுக்குச் சற்று அதிகம். இதுவரை அச்சமில்லை. ஆனால் ஐம்பதாம் நாளுக்கு முன்பே இலங்கை முழுவதும் ஓராண்டில் விளையும் நெல்லை அது விஞ்சிவிடும். நூறாம் நாளுக்கு முன்பே அதன் நிறை இப்பூமியின் நிறையைக் கடந்துவிடும். 127ஆம் நாள் முடிவில், நம் சூரியனைப் போன்ற இரண்டாயிரம் சூரியன்களுக்குச் சமமான நெல் குவிந்திருக்கும். அக்குவியலிலுள்ள மணிகளின் தொகையே நமது எண். இரண்டை 127 முறை எழுதித் தம்முட் பெருக்கி, அதாவது இரண்டின் 127ஆம் வலுவைக் கண்டு, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அது.

இரண்டின் ஒரு வலுவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களை மேர்சன் எண்கள் என்பர். மாரின் மேர்சன் பிரான்சு நாட்டுக் கிறித்தவத் துறவி. இவ்வெண்களைப் பற்றி இரு செய்திகளை எளிதில் அறியலாம். அடுக்கு சேர்த்தி எண்ணாயின் மேர்சன் எண்ணும் சேர்த்தி எண்ணே. அடுக்கு நான்கானால் 15, ஆறானால் 63, இரண்டும் பகுபடுவன. ஆகவே அடுக்கு முதன்மை எண்ணாயிருத்தல் இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. பதினொன்று முதன்மை எண். எனினும் இரண்டின் 11ஆம் வலுவில் ஒன்று குறைந்த 2,047, 23ஐ 89ஆல் பெருக்கி வருவது. எனவே எந்த அடுக்கு முதன்மை எண்ணைத் தரும், எது தராது என்பதை ஒவ்வொன்றாகவே ஆராய்தல் வேண்டும்.

1644ஆம் ஆண்டில் மேர்சன் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே முதன்மை எண்ணைத் தரும் என்பது அவர் கூற்று. எவ்வாறு கண்டார் என்பதை அவர் விளக்கவில்லை. அவரோ பெரும் அறிஞர். ஐரோப்பிய விஞ்ஞானிகள் பலருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். பட்டியலைச் சோதிக்கவோ அக்காலத்தில் வழியில்லை. ஆகவே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது முழுமையாகத் திருத்தப்படாமலே நின்றது. இன்று நாம் அறிவது யாதெனில், அதில் 67, 257 என்னும் இரண்டும் தவறு; 61, 89, 107 என்னும் மூன்றும் விடுபட்டன. ஆனால் 127 சரியானது.

சரியானது என்று எவ்வாறு கண்டனர்? வகுத்துப் பார்ப்பதே பாடசாலையில் நாம் கற்ற வழி. ஓர் எண் பகுபடுமாயின் அதன் காரணிகளில் ஒன்று அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 97 முதன்மை எண்ணா என்று அறிய 2, 3, 5, 7 என்பவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். நமது எண்ணின் வர்க்கமூலம் இருபது இலக்கங்கள் கொண்டது. விநாடிக்கு நூறு கோடி வகுத்தல்களைச் செய்யும் கணினியொன்று அதுவரையுள்ள எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனால், நானூறு ஆண்டுகளுக்கு மேற்செல்லும். மேர்சன் எண்ணின் காரணிகள் ஒரு குறித்த வடிவில்தான் அமையும் என்னும் விதியைக் கொண்டு இவ்வேலையை வெகுவாகக் குறைக்கலாம். இந்த எண்ணுக்கு அக்காரணிகள் 254இன் மடங்குகளில் ஒன்று கூடியவையாதல் வேண்டும். அப்படிக் குறைத்த பின்னரும் காகிதமும் பேனாவும் கொண்ட மனிதனுக்கு அது ஆகாத காரியம்.

1876ஆம் ஆண்டில் எட்வார்டு லூக்கா என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைச் செய்து முடித்தார். அவர் 1842ஆம் ஆண்டில் பிறந்தவர். பின்னாளில் பாரிசு நகரத்துப் பாடசாலைகளில் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். மூன்று கம்புகளில் வட்டத் தகடுகளை மாற்றியடுக்கும் அனோய் கோபுரம் என்னும் விளையாட்டை 1883ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. காசியிலுள்ள கோயிலொன்றில் அறுபத்துநான்கு பொற்றகடுகளை அந்தணர்கள் இவ்வாறே மாற்றி அடுக்குகின்றனர் என்னும் கற்பனைக் கதையும் அவ்விளையாட்டோடு சேர்ந்து பரவியது. ஏழு தகடுகளை மாற்ற 127 நகர்த்தல்கள் வேண்டும். 127 தகடுகளை மாற்றக் குறைந்தது எத்தனை நகர்த்தல்கள் வேண்டுமோ அத்தொகையும் நமது முப்பத்தொன்பது இலக்க எண்ணே.

லூக்காவின் வழி காரணிகளைத் தேடுவதன்று; அதுவே அதன் சிறப்பு. எண்ணைப் பகுக்க முயலாமலே, அது பகுபடுமா படாதா என்பதை மட்டும் அவ்வழி சொல்லிவிடும். பின்னர் அமெரிக்கக் கணிதர் லேமர் அதனைச் செப்பம் செய்தார். செப்பம் பெற்ற வடிவிலே அதனைக் கூறுகிறேன். நேயர்கள் விரும்பினால் ஒரு தாளில் செய்து பார்க்கலாம்.

நான்கு என்னும் எண்ணோடு தொடங்குக. அதனை அதனாலே பெருக்கி இரண்டைக் கழிக்க. வருவதை மேர்சன் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அம்மீதியை மீண்டும் அதனாலே பெருக்கி, இரண்டைக் கழித்து, வகுத்து, மீதியைக் கொள்க. அடுக்கில் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் இறுதி மீதி சூனியமாயின் அது முதன்மை எண். சூனியம் அன்றாயின் சேர்த்தி எண்.

அடுக்கு ஐந்து, எண் 31 என்று கொள்வோம். மூன்று தடவை செய்தல் வேண்டும். நான்கின் வர்க்கம் 16, இரண்டைக் கழிக்க 14. பதினான்கின் வர்க்கம் 196, இரண்டைக் கழிக்க 194. 31ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டைக் கழிக்க 62. 31ஆல் வகுக்க மீதி சூனியம். ஆகவே 31 முதன்மை எண். அடுக்கு ஏழு, எண் 127 ஆயின் ஐந்து தடவை. மீதிகள் முறையே 14, 67, 42, 111, இறுதியில் சூனியம். ஆகவே 127உம் முதன்மை எண். அடுக்கு பதினொன்றாயின் ஒன்பது தடவைக்குப் பின் 1,736 மீதியாக நிற்கும். எனவே 2,047 சேர்த்தி எண். 23ஐயும் 89ஐயும் நாம் தேடவேயில்லை என்பதைக் கவனிக்க.

நமது எண்ணுக்கு 125 தடவை செய்தால் போதும். ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்பது இலக்க எண்களைப் பெருக்கி வகுப்பது எளிதன்று. ஆனால் அது மனிதனால் ஆகக்கூடிய வேலை. நூற்றாண்டுகள் வேண்டிய காரியத்தைச் சிந்தனை ஒன்றே நூற்றிருபத்தைந்து படிகளாகச் சுருக்கிவிட்டது. முயற்சி பெரிதா, முறை பெரிதா என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முயற்சி வேண்டும்; ஆனால் முறையறியா முயற்சி நெற்குவியலை மணி மணியாக எண்ணுவது போன்றது.

அதே ஆண்டில் லூக்கா மற்றொன்றும் கண்டார். மேர்சன் பட்டியலிலுள்ள 67 என்னும் அடுக்கு முதன்மை எண்ணைத் தராது என்பதே அது. ஆயினும் அதன் காரணிகள் எவை என்று எவருக்கும் தெரியவில்லை. 1903ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்கு கோல் என்னும் பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குச் சென்று, ஒரு சொல்லும் பேசாமல், இரண்டின் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்து எழுதினார் என்றும், பின்னர் மறுபுறத்தில் 193,707,721 என்பதையும் 761,838,257,287 என்பதையும் பெருக்கிக் காட்டினார் என்றும், இரு விடைகளும் ஒன்றாயிருத்தலைக் கண்ட அவையோர் கைதட்டினர் என்றும் சொல்லப்படுகிறது. அக்காரணிகளைக் காண மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன என்று அவர் சொன்னதாகவும் கூறுவர். பெருக்கிக் காட்டச் சில நிமிடம். பகுத்துக் காணப் பல ஆண்டு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது பயன்படும்.

இனி, நமது எண்ணின் வேறு சில பண்புகளைக் காண்போம்.

முதலாவது, அது நிறைவெண் ஒன்றைப் பிறப்பிப்பது. ஆறின் காரணிகளுள் அதனை விடச் சிறியனவாகிய 1, 2, 3 என்பவற்றைக் கூட்டினால் ஆறே வரும். 28க்கும் அவ்வாறே: 1, 2, 4, 7, 14 என்பவற்றின் கூட்டுத்தொகை 28. இத்தகையவற்றை நிறைவெண் என்பர். முதன்மையான ஒவ்வொரு மேர்சன் எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பதை யூக்கிளிட்டே காட்டினார். இரண்டின் 126ஆம் வலுவை நமது எண்ணாற் பெருக்கினால் எழுபத்தேழு இலக்கமுள்ள ஒரு நிறைவெண் கிடைக்கும்.

இரண்டாவது, அது ஒரு வியத்தகு சங்கிலியின் ஐந்தாம் கண்ணி. இரண்டிலிருந்து தொடங்குவோம். இரண்டின் 2ஆம் வலுவில் ஒன்று குறைய 3. இரண்டின் 3ஆம் வலுவில் ஒன்று குறைய 7. இரண்டின் 7ஆம் வலுவில் ஒன்று குறைய 127. இரண்டின் 127ஆம் வலுவில் ஒன்று குறைய நமது எண். ஐந்தும் முதன்மை எண்கள். இதனைப் பெல்சியக் கணிதர் கற்றலான் 1876ஆம் ஆண்டிலே சுட்டிக்காட்டினார். ஆறாம் கண்ணி எப்படி? அதன் இலக்கங்களை எழுதி முடிக்கப் பூமியிலுள்ள தாள் முழுதும் போதாது. அது முதன்மை எண்ணா என்பது இன்றும் விடை காணாத வினா.

மூன்றாவது, வில்சன் தேற்றம் எனப்படும் பண்பு. ஒன்று முதல், ஒரு முதன்மை எண்ணுக்கு ஒன்று குறைந்த எண் வரை, யாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது அம்முதன்மை எண்ணால் மீதியின்றி வகுபடும். ஐந்துக்கு 1, 2, 3, 4 என்பவற்றின் பெருக்கம் 24. ஒன்றைக் கூட்ட 25. சேர்த்தி எண்ணுக்கு இது பொருந்தாது. இப்பண்பிலிருந்து எழுந்த நுட்பமான வினாக்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 23க்கு 22 வரை பெருக்கவேண்டியதில்லை. 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினாலே 87,178,291,201 என்னும் 23இன் மடங்கு வந்துவிடுகிறது. 22ஓ 14இன் மடங்கன்று. இத்தகைய முதன்மை எண்கள் இன்று உலகெங்கும் பிள்ளை முதன்மை எண்கள் என்றே வழங்கப்படுகின்றன. 1901ஆம் ஆண்டிற் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அப்பெருந்தகை, 1950ஆம் ஆண்டு ஓகஸ்டு இறுதியில் அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ நகருக்கு அண்மையில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயரை நம் மாணவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

லூக்கா கண்ட எண் எழுபத்தைந்து ஆண்டுகள் உலகில் அறியப்பட்ட முதன்மை எண்களுட் பெரியதாக வீற்றிருந்தது. 1951ஆம் ஆண்டில் பெரியர் என்பவர் மேசைக் கணிகருவி ஒன்றைக் கொண்டு நாற்பத்துநான்கு இலக்க முதன்மை எண்ணைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கணினி எழுபத்தொன்பது இலக்க எண்ணொன்றைத் தந்தது. அப்புதிய எண் எவ்வாறு அமைந்தது தெரியுமா? லூக்காவின் எண்ணை வர்க்கித்து, 180ஆற் பெருக்கி, ஒன்றைக் கூட்டி அமைந்தது. பழைய மன்னன் முடி துறந்தும் புதிய அரசுக்கு அடித்தளமாயினான். 1952ஆம் ஆண்டில் மேர்சன் எண்களும் கணினிவழி ஆராயப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மேர்சன் முதன்மை எண், இரண்டின் 136,279,841ஆம் வலுவில் ஒன்று குறைந்தது. அதன் இலக்கங்கள் 41,024,320. அதனை இவ்வானொலியில் விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாது வாசித்தால் ஏறத்தாழ 475 நாட்கள் செல்லும். இத்தகைய எண்களுக்கும் லூக்காவின் வழி வந்த சோதனையே இன்றும் இறுதிச் சான்று.

ஆனால் அச்சோதனை மேர்சன் எண்களுக்கே உரியது. வேறெந்த எண்ணையேனும் கொடுத்தால் என் செய்வது? பேர்மா என்பவர் கண்ட விதியொன்று உண்டு. ஓர் ஒற்றை முதன்மை எண்ணை எடுத்து, அதில் ஒன்று குறைந்த அடுக்குக்கு இரண்டை உயர்த்தி, அம்முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும். ஏழுக்கு, இரண்டின் 6ஆம் வலு 64. ஏழால் வகுக்க மீதி ஒன்று. இவ்விதியை உரைகல்லாகக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆயினும் சில சேர்த்தி எண்கள் பொன் போலவே மின்னி இவ்வுரைகல்லை ஏமாற்றிவிடும். அவற்றுள் ஒன்று நம் எல்லோருக்கும் தெரிந்தது: இராமானுசன் எண் எனப் புகழ்பெற்ற 1729. அது 7, 13, 19 என்பவற்றின் பெருக்கம். இருந்தும், அவ்விதி கேட்கும் வினாவுக்கு முதன்மை எண்ணைப் போலவே விடை சொல்லும். இத்தகைய எண்கள் முடிவின்றி உள்ளன என்பது 1994ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

ஏமாறாத உரைகல் ஒன்று பண்டைய இந்தியக் கணிதத்தார் அறிந்திருந்த மேரு பிரத்தாரத்திலே உண்டு. ஒன்றில் தொடங்கி, மேலுள்ள இரண்டைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டு போகும் முக்கோண அடுக்கு அது. அதன் ஐந்தாம் வரிசை 1, 5, 10, 10, 5, 1. ஓரங்களிலுள்ள ஒன்றை விட்டுவிட்டால் யாவும் ஐந்தின் மடங்குகள். ஏழாம் வரிசையில் 7, 21, 35. யாவும் ஏழின் மடங்குகள். ஆறாம் வரிசையிலோ 6, 15, 20. பதினைந்து ஆறின் மடங்கன்று. முதன்மை எண்ணின் வரிசையில் மட்டுமே இவ்வொழுங்கு குலையாது. 1729ஆம் வரிசையில் அது குலைந்துவிடும். அங்கே 1729இன் வேடம் கலையும். ஆனால் முப்பத்தொன்பது இலக்க எண்ணொன்றின் வரிசையை எவர் எழுதுவார்?

இவ்விடத்திற்றான் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் வருகின்றனர். மணீந்திர அகர்வால் ஆசிரியர். நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அவ்வாண்டிலேதான் இளநிலைப் பட்டம் பெற்ற மாணவர்கள். அவ்வொழுங்கை வரிசை முழுவதையும் எழுதாமலே சோதித்து அறியும் வழியை 2002ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் அவர்கள் வெளியிட்டனர். எந்த எண்ணுக்கும் பொருந்துவது, ஒருபோதும் ஏமாறாதது, நிறுவப்படாத ஊகம் எதனையும் நம்பி நில்லாதது, எண்ணின் இலக்கங்கள் பெருகினும் வேலை கட்டுமீறிப் பெருகாதது: இந்நான்கும் ஒருங்கே அமைந்த முதற் சோதனை அதுவே. நடைமுறைக்கு அதனினும் விரைவான சோதனைகள் வேறு உள்ளன. ஆனால், இத்தகைய வழியொன்று இருக்க முடியுமா என்னும் நெடுங்கால வினாவுக்கு, உண்டு என்று விடை சொன்ன பெருமை அவர்களுடையது.

இவ்வளவும் கேட்டபின், இதனாற் பயன் என்ன என்று வயலில் நிற்பவர் கேட்டால் அவ்வினா நியாயமானதே. இதற்கு விடை அவர் சட்டைப் பையிலே இருக்கிறது.

வன்னியில் உறவினர் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பங்கள் குறைவு. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மகன் தாய்க்கு வாட்ஸ்அப் மூலம் ஒரு செய்தி அனுப்பினால், அச்செய்தி பல நாடுகளின் கம்பிகளையும் பல நிறுவனங்களின் கணினிகளையும் கடந்தே வருகிறது. இடையில் எவரும் அதனைப் படித்தறியாதபடி காப்பது யாது? பூட்டுமன்று, காவலாளியுமன்று, எழுபத்தேழு இலக்கங்கொண்ட ஒரு முதன்மை எண். இரண்டின் 255ஆம் வலுவிலிருந்து 19ஐக் கழித்து வருவது அது. இரு தொலைபேசிகளும் அவ்வெண்ணால் வகுத்த மீதிகளைக் கொண்டு கணித்து, தமக்குள் மட்டும் தெரிந்த இரகசியத் திறவுகோலை அமைத்துக்கொள்கின்றன. கோல் செய்த பெருக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிக் கணிப்பது எளிது. பின்னோக்கி வருவது அரிது. இங்கே நிகழ்வது காரணி காண்பது அன்றெனினும், அதே இயல்புடைய ஒருவழிப் பாதை.

அவ்வெண் ஏன் முதன்மை எண்ணாதல் வேண்டும்? முதன்மை எண்ணால் வகுத்த மீதிகளுக்கு ஒரு நற்குணம் உண்டு. சூனியமல்லாத ஒவ்வொரு மீதிக்கும், பெருக்கினால் ஒன்றைத் தரும் துணை ஒன்று இருக்கும். ஏழை வைத்துக் கணித்தால் மூன்றுக்குத் துணை ஐந்து. பெருக்கம் 15, மீதி 1. ஆறை வைத்துக் கணித்தால் இரண்டுக்குத் துணையே இல்லை. துணையில்லாத எண்ணால் வகுக்க இயலாது. கணிதம் நடுவழியில் நின்றுவிடும். இரண்டின் வலுவுக்கு மிக அருகிலுள்ள முதன்மை எண்ணைத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. நமது பழைய எண்ணால் வகுக்கும்போது இரண்டின் 127ஆம் வலு வெறும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே நெடிய வகுத்தலின்றிக் கூட்டலாலேயே மீதி கிடைத்துவிடும். இவ்வசதி கருதியே 2015ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்து ஆய்வாளர் இருவர், லூக்காவின் அதே முப்பத்தொன்பது இலக்க எண்ணை அடிப்படையாகக் கொண்டு புதிய மறைகுறி முறையொன்றை வகுத்தனர். 1876ஆம் ஆண்டில் எப்பயனும் கருதாது ஆராயப்பட்ட எண், நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின் வேலைக்கு அழைக்கப்பட்டது.

நேயர்களே, இதிலிருந்து நம் பிள்ளைகள் பெறவேண்டியது எண்களின் நீளத்தைப் பற்றிய வியப்பு மட்டுமன்று. மேர்சன் சொன்னார் என்பதற்காக ஒரு பட்டியலை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கற்றோர் கைமாற்றி வந்தனர். அதிலே மெய்யும் இருந்தது, பொய்யும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது புகழன்று, பதவியன்று, நிறுவல் ஒன்றே. சொல்பவர் யார் என்று பாராது, சொல்லப்பட்டது எவ்வாறு தெரியும் என்று கேட்கும் பழக்கமே கணிதம் தரும் பெருஞ்செல்வம். கையிலுள்ள தொலைபேசி கணத்துக்கொரு செய்தியைக் கொண்டுவந்து கொட்டும் இக்காலத்தில், அச்செய்தி மெய்யா என்று உரைத்துப் பார்க்கும் பழக்கம் வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கும் சந்தைக்கும் வாக்குச்சாவடிக்கும் உரியது.

விடை காணாத வினாக்கள் இன்னும் உள. மேர்சன் முதன்மை எண்கள் முடிவற்றனவா? கற்றலானின் ஆறாம் கண்ணி பகுபடுமா? எவருக்கும் தெரியாது. இவற்றைச் சிந்திக்கத் தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கான்பூரின் இரு மாணவர்களும் பட்டம் பெற்ற ஆண்டிலேயே உலகு வியக்க ஒரு விடை கண்டனர். நம் பிள்ளைகளுள் ஒருவர் இன்றிரவு ஒரு தாளை எடுத்து, நான்கில் தொடங்கி, வர்க்கித்து, இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்துப் பார்ப்பாராயின் ஐந்தாம் முறை சூனியம் தோன்றும். அதனை ஒருவர் சொல்லக் கேட்பதற்கும், தானே கண்டு தெளிவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது அவர் உணர்வார்.